தேயிலை நாட்டில் காப்பித் தோட்டங்கள்



சீனம் என்றதும் நம் நினைவில் முதலில் எழுவது தேயிலைதான். நாம் நாள்தோறும் கூறும் 'சாயா' என்னும் சொல்லே அந்நாட்டில் பிறந்து, பாரசீகத்தின் வழியாகப் பல நாடுகளைக் கடந்து, நம் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்ததாகும். அத்தகைய தேயிலை நாட்டின் தென்மேற்கு மூலையில், மலைமலையாய்க் காப்பி விளைகிறது என்று சொன்னால் உங்களில் பலர் வியப்படையக்கூடும். ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சம் டன்னுக்கும் மேலான காப்பிக் கொட்டை இன்று அங்கு விளைகிறது. இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட பங்கு யுன்னான் என்னும் ஒரே மாநிலத்தில் விளைவதாகும்.

இக்கட்டுரையில் உங்களை அந்த யுன்னான் மலைகளுக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றேன். காப்பி அங்கு எவ்வாறு சென்றது, யார் அதனை வளர்த்தனர், இனி அதன் நிலை என்னவாகும் என்பவற்றைக் காண்போம். அத்துடன், ஒரு கேள்வியையும் நாம் கையோடு எடுத்துச் செல்வோம். மலைச்சரிவில் நின்று பழம் பறிக்கும் ஓர் உழவனின் உழைப்புக்கு விலை வைப்பவர் யார்? அந்த விலை அவனுக்குத் தெரிந்து வைக்கப்படுகிறதா, தெரியாமல் வைக்கப்படுகிறதா? சீனத்துக் காப்பியின் வருங்காலம் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையில்தான் அடங்கியுள்ளது.

மலைகளும் ஆறுகளும்

உலகப் படத்தை விரித்து வையுங்கள். பர்மாவுக்குக் கிழக்கே, லாவோஸ், வியட்நாம் ஆகிய இரு நாடுகளுக்கும் வடக்கே, திபெத்து மேட்டுநிலத்துக்குத் தென்கிழக்கே அமைந்திருப்பது யுன்னான். அதன் தலைநகரமான குன்மிங், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. கோடையில் வாட்டாத, குளிரில் நடுக்காத தட்பவெப்பம் உள்ளதால் அதனை 'நித்திய வசந்த நகரம்' என்று சீனர் அழைக்கின்றனர்.

2021-ஆம் ஆண்டு டிசம்பரில் குன்மிங் நகரிலிருந்து லாவோஸ் நாட்டின் தலைநகரான வியந்தியான் வரை ஒரு புதிய இருப்புப்பாதை திறக்கப்பட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இப்பாதையில் நீங்கள் தெற்கு நோக்கிப் பயணம் செய்தால், சுரங்கங்களும் பாலங்களும் மாறிமாறி வந்துகொண்டே இருக்கும். வழியில் மோஜியாங் என்னும் ஊரைக் கடக ரேகை கடந்து செல்கின்றது. அதற்கும் தெற்கே பூஅர் நகரம் வருகின்றது. சிமாவ் என்றிருந்த இதன் பெயர் 2007-இல்தான் பூஅர் என மாற்றப்பட்டது. புகழ்பெற்ற பூஅர்த் தேயிலையின் பெயரையே ஊர் சூடிக்கொண்டது. ஆயினும், இன்று சீனத்தில் மிகுதியாகக் காப்பி விளையும் வட்டாரமும் அதுவே.

மேற்கே சென்றால் பாவ்ஷான், தெஹோங் என்னும் வட்டாரங்கள் உள்ளன. தெற்கே சிசுவாங்பன்னா, இடையே லிஞ்சாங். திபெத்திலிருந்து இறங்கிவரும் இரு பேராறுகள் இந்நிலத்தை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. ஒன்று, சீனர் லான்சாங் என்றும் ஏனையோர் மீகாங் என்றும் அழைக்கும் ஆறு. மற்றொன்று, பர்மாவில் சல்வீன் எனப் பெயர் பெறும் நு ஆறு. இவ்வாறுகளின் பள்ளத்தாக்குகளில் வெப்பம் மிகும். மேலே ஏறினால் குளிர் மிகும். இடைப்பட்ட 1,000 முதல் 1,600 மீட்டர் வரையிலான சரிவுகளில்தான் காப்பிச் செடி மகிழ்ந்து வளர்கின்றது. ஹானி, யி, லாஹூ, வா, தாய் முதலான பல சிறுபான்மை இன மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் சரிவுகள் இவை.

முஸ்லிம்களும் யுன்னானும்

நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. யுன்னானில் பல இலட்சம் முஸ்லிம்கள் வாழ்ந்து வருகின்றனர். புகாராவைப் பூர்வீகமாகக் கொண்ட சையிது அஜல் ஷம்சுத்தீன் உமர் என்பார், மங்கோலியப் பேரரசன் குப்ளாய்கானால் 1274-இல் யுன்னானின் ஆளுநராக அனுப்பப்பட்டார். அவர் ஏரிகளையும் கால்வாய்களையும் சீர்செய்தார். பள்ளிவாசல்களை மட்டுமன்றிச் சீனரின் கன்பூசியக் கோயிலையும் எழுப்பினார் என்று வரலாறு கூறுகிறது. 1279-இல் அவர் மறைந்தார்.

அவருடைய வழித்தோன்றலாகக் கருதப்படுபவரே கடற்படைத் தலைவர் செங் ஹே. யுன்னானில் 1371-இல் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அவருடைய தந்தையார் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றியவர் என்பதைக் கல்லறைக் கல்வெட்டில் உள்ள 'ஹாஜி' என்னும் சிறப்புப் பெயர் காட்டுகின்றது. 1405 முதல் 1433 வரை செங் ஹேயின் கப்பல்கள் ஏழு முறை இந்துமாக்கடலில் வலம் வந்தன. இலங்கையின் காலியில் அவர் நிறுவிய, 1409-ஆம் ஆண்டிட்ட கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. கொழும்பு அருங்காட்சியகத்தில் அதனை இன்றும் காணலாம்.

அக்கப்பல்கள் கோழிக்கோட்டுக்கும் ஹுர்முஸுக்கும் ஏமன் நாட்டு ஏடன் துறைமுகத்துக்கும் சென்றன. காப்பியின் வரலாற்றில் ஏடனுக்குத் தனியிடம் உண்டு. இரவு வணக்கத்திலும் திக்ரிலும் விழித்திருக்க வேண்டிய ஸூஃபிப் பெரியார்கள், 'கஹ்வா' என்னும் பானத்தை அருந்தும் வழக்கம் அப்பகுதியில் பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியது. செங் ஹேயின் கப்பல்கள் வந்துபோன சில பத்தாண்டுகளுக்குப் பின்னர்! அங்கிருந்து மக்கா, கெய்ரோ, இஸ்தான்புல் எனக் காப்பி பரவிற்று. சிக்மகளூர் மலைக்குத் தம் பெயரை ஈந்த பாபா புதன் என்னும் இறைநேசர் ஏழு கொட்டைகளை ஏமனிலிருந்து கொண்டுவந்தார் என்பது நம் தென்னகத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இந்தியாவுக்கு இவ்வாறு முஸ்லிம்களின் கையால் வந்த காப்பி, யுன்னானுக்கு மட்டும் வேறு வழியில், வெகுகாலம் தாழ்த்தியே சென்று சேர்ந்தது.

பாதிரியார் நட்ட செடி

யுன்னானின் தாலி வட்டாரத்தில், பின்சுவான் மாவட்டத்து மலைகளுக்கிடையே ஜுகுலா என்றொரு சிற்றூர் உள்ளது. பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் அங்கே தம் தேவாலயத்தின் அருகில் காப்பிச் செடியை நட்டார் என்று கூறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவிலோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ நடந்த நிகழ்ச்சி இது. தம் சொந்தப் பயன்பாட்டுக்காகவே அவர் நட்டார். எனினும் ஊரிலுள்ள யி இன மக்கள் அதனைப் பழகிக்கொண்டு, வறுத்து இடித்துக் காய்ச்சிக் குடிக்கத் தொடங்கினர். பழங்காலக் காப்பி மரங்கள் இன்றும் அவ்வூரில் காய்த்துக்கொண்டிருக்கின்றன. மேற்கு எல்லையிலோ பர்மாவிலிருந்து மலைவாழ் மக்களின் வழியாகவும் காப்பி வந்தது.

தோட்டப் பயிராக அது பரவியது 1950-களில்தான். பாவ்ஷான் வட்டாரத்தில் நு ஆற்றங்கரையில் உள்ள லூஜியாங் பள்ளத்தாக்கில் அரசுப் பண்ணைகள் அமைந்தன. அங்கு விளைந்த கொட்டை சோவியத் நாட்டுக்கு ஏற்றுமதியாயிற்று. 1960-ஆம் ஆண்டையொட்டிச் சீனத்துக்கும் சோவியத்துக்கும் பகை மூண்டபோது அந்தச் சந்தை மூடிக்கொண்டது. வாங்குவோர் இல்லாமல் தோட்டங்கள் கவனிப்பாரற்றுப் போயின. ஒரே ஒரு வாடிக்கையாளனை நம்பிப் பயிரிடுவதன் கேட்டை யுன்னான் உழவர் முதன்முதலில் உணர்ந்த காலம் அது.

தெற்கே கடலுக்குள் இருக்கும் ஹைனான் தீவில் வேறொரு கதை. மலாயா, இந்தோனேசியா முதலிய நாடுகளுக்குப் பிழைக்கச் சென்று திரும்பிய சீனர்கள், அங்குக் கற்றுக்கொண்ட காப்பிப் பழக்கத்தையும் பயிரையும் தம்மோடு கொண்டுவந்தனர். 1950-களில் அவர்களுக்கென்றே அமைக்கப்பட்ட ஸிங்லோங் பண்ணை இன்றும் காப்பிக்குப் பெயர்பெற்றது. ஹைனானில் விளைவது ரொபஸ்டா வகை. யுன்னானில் விளைவது அராபிகா; சிறிய மணியுடையதால் அதனைச் 'சிறுமணிக் காப்பி' என்று சீனர் வழங்குவர்.

1988-க்குப் பின்னர்

யுன்னானின் காப்பி வரலாற்றில் 1988-ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டில் சீன அரசு, உலக வங்கியுடனும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்துடனும் சேர்ந்து இங்குக் காப்பிப் பயிரை மீண்டும் பெருக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் நெஸ்லே நிறுவனமும் உள்ளே வந்தது. உடனடிக் காப்பித்தூளைச் சீனத்திலேயே தயாரிக்கத் திட்டமிட்டிருந்த அந்நிறுவனம், பூஅர் வட்டாரத்தில் உழவர்களுக்குப் பயிற்சியளித்து, விளைச்சலை வாங்கவும் தொடங்கியது. இவ்வாறு சில ஆண்டுகளுக்குள், சோளமும் கரும்பும் மலைநெல்லும் விளைந்த சரிவுகளில் காப்பி ஏறியது.

அப்போது பரப்பப்பட்ட வகைக்குக் கட்டிமோர் என்று பெயர். இதன் பிறப்பு சுவையானது. அராபிகா, ரொபஸ்டா ஆகிய இரண்டும் தைமூர்த் தீவில் தாமாகவே கலந்து ஒரு புதுவகை தோன்றிற்று. அதனைப் பிரேசிலின் குட்டை வகையாகிய கட்டுராவுடன் போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர் 1959-இல் இணைத்தனர். அதில் பிறந்ததே கட்டிமோர். நம் நாட்டுக் காப்பித் தோட்டக்காரர் 'காவேரி' என்னும் பெயரில் அறிந்திருப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கட்டிமோரை ஏன் தேர்ந்தெடுத்தனர்? இலைத்துரு நோய்க்கு அஞ்சியே! அந்நோயின் கொடுமையைத் தமிழர் நன்கறிவர். 1869-இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு, இருபது ஆண்டுகளுக்குள் அத்தீவின் காப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கால்நடையாகச் சென்று காப்பிப் பழம் பறித்த நம் மக்கள், அதன்பின் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களாயினர். காப்பி அழிந்த இலங்கையில் தேயிலை வந்தது. பழமையான தேயிலை நாடாகிய யுன்னானில், துருவைத் தாங்கும் வகை கிடைத்தமையால் காப்பி வந்தது.

கட்டிமோர் விரைவில் காய்க்கும், மிகுதியாகவும் காய்க்கும். ஆனால் அதன் சுவையை உயர்ந்த தரத்ததாகக் காப்பிச் சுவைஞர் கருதுவதில்லை. உடனடித் தூளுக்கும் கலப்புக் காப்பிக்குமே பொருந்தியது என்னும் பெயர் யுன்னானுக்கு ஏற்பட்டது. அந்தப் பெயர் பல ஆண்டுகள் அதன் விலையையும் கீழேயே வைத்திருந்தது.

பழத்திலிருந்து கொட்டை வரை

யுன்னானில் காப்பிப் பழம் பறிக்கும் பருவம் அக்டோபர், நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். எல்லாப் பழங்களும் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கிளையில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கலந்திருக்கும். சிவந்த பழத்தை மட்டும் கையால் தேர்ந்து பறித்து, ஒரு செடியிடம் மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பச் செல்லவேண்டும். சரிவான நிலத்தில் இடுப்பில் கூடை கட்டிக்கொண்டு செய்யும் இவ்வேலை எளிதன்று.

பறித்த பழத்தை அன்றே தோலுரிக்க வேண்டும். வழவழப்பான சதையோடு கூடிய கொட்டையைத் தொட்டியில் ஊறவைத்து, கழுவி, வெயிலில் பரப்பிக் காயவைப்பர். பலநாள் கிளறிக் காய்ந்த பின்னும் மேலே ஒரு மெல்லிய ஓடு இருக்கும். ஆலையில் அதனை நீக்கினால் பச்சைக் கொட்டை கிடைக்கும். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஏறத்தாழ ஆறு கிலோ பழம் தேவை. பழமாக விற்பவனுக்குக் கிடைக்கும் தொகைக்கும், உலர்ந்த கொட்டையாக விற்பவனுக்குக் கிடைக்கும் தொகைக்கும், வறுத்துப் பொதியிட்டு விற்பவனுக்குக் கிடைக்கும் தொகைக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு. யுன்னான் உழவர் பெரும்பாலும் முதற்படியில்தான் நின்றனர்.

விலை பிறக்கும் இடம்

இப்போது நாம் எடுத்துவந்த கேள்விக்கு வருவோம். பூஅர் மலைச்சரிவின் காப்பிக்கு விலை எங்கே பிறக்கின்றது? அம்மலையிலும் இல்லை, குன்மிங்கிலும் இல்லை. பல்லாயிரம் கல் தொலைவிலுள்ள நியூயார்க் நகரத்தின் முன்பேர வாணிபச் சந்தையில் பிறக்கின்றது. அங்கு ஒரு பவுண்டு அராபிகாவுக்கு அன்றன்று எழும் விலையைக் கொண்டே யுன்னானில் கொள்முதல் விலையும் கணக்கிடப்பட்டு வந்தது.

அந்த விலையின் போக்கைச் சற்றுப் பாருங்கள். உலகக் காப்பி நாடுகள் ஏற்றுமதிக்கு அளவு வகுத்துக்கொண்ட பன்னாட்டு உடன்பாடு 1989 ஜூலையில் முறிந்தது. அதாவது, யுன்னான் உழவர் செடி நட்ட அடுத்த ஆண்டே! விலை பாதியாக வீழ்ந்தது. பின்னர் வியட்நாமின் விளைச்சல் பெருகிச் சந்தையில் குவிந்தபோது, 2001-இல் பவுண்டு ஒன்று 50 சென்டுக்கும் கீழே சென்றது. 2011-இல் 3 டாலரைத் தாண்டிற்று. 2019-இல் மீண்டும் ஒரு டாலருக்கும் கீழ். 2025 பிப்ரவரியில் பிரேசிலின் வறட்சியாலும் பிற காரணங்களாலும் 4 டாலரைக் கடந்து, அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது.

காப்பிச் செடியோ நட்ட மூன்றாம் ஆண்டில்தான் நன்கு காய்க்கத் தொடங்கும். விலை உயர்ந்த ஆண்டில் ஆசையோடு நட்டவன், காய்க்கும் ஆண்டில் விலை வீழ்ந்திருப்பதைக் காண்கின்றான். வீழ்ந்த ஆண்டில் மனம் நொந்து செடியை வெட்டிவிட்டு வேறு பயிருக்கு மாறியவன், விலை உயரும்போது வெறுங்கையோடு நிற்கின்றான். 2019-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பறிகூலிக்கும் கட்டாத விலை கண்டு, பலர் காப்பியைக் கைவிட்டுத் தேயிலைக்கும் மக்காடமியா என்னும் கொட்டைப் பயிருக்கும் மாறினர்.

இவ்விடத்தில் நம் மார்க்கத்தின் வணிக நெறியை நினைவுகூர்வது பொருந்தும். மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையைக் கட்டுப்படுத்தி வைக்குமாறு தோழர்கள் வேண்டினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. விலையின் ஏற்ற இறக்கம் இறைவனின் நியதியில் உள்ளது என்பதே அவர்களின் விளக்கமாக இருந்தது. ஆனால், அதே நபிகளார் (ஸல்) வேறொன்றைத் தடுத்தார்கள். வெளியூரிலிருந்து சரக்கோடு வரும் கூட்டத்தைச் சந்தைக்கு வருமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்கிவிடுவதைத் தடை செய்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவன் சந்தைக்கு வந்து நிலவரத்தை அறிந்தால், அந்த விற்பனையை முறிக்கும் உரிமையும் அவனுக்கு உண்டு என்பது ஹதீஸின் தீர்ப்பு.

இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். விலையைச் செயற்கையாகக் கட்டிப்போடுவது நெறியன்று. விற்பவன் அறியாமையில் இருக்கும்போது அவனிடம் வாங்குவதும் நெறியன்று. சந்தை திறந்திருக்க வேண்டும். சந்தையில் நிற்பவர் இருவருமே கண் திறந்திருக்க வேண்டும். இதுவே நம் நெறி.

கையில் இல்லாத சரக்கை, முழு விலையும் கொடுக்காமல், மேலும் மேலும் கைமாற்றி விற்கும் முன்பேர வாணிபத்தை இக்கால மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆனால் 'ஸலம்' என்னும் ஒப்பந்தத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கின்றன. அளவு, தரம், ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றைத் தெளிவாகக் குறித்து, முழு விலையையும் முன்னரே உழவனிடம் கொடுத்துவிடுவதே ஸலம். மதீனத்துப் பேரீச்சை உழவர்களுக்கு அது பயன்பட்டது. பணம் உழவன் கையில் முதலில் சேர்கின்றது என்பதே இரண்டுக்குமுள்ள பெரும் வேறுபாடு.

குடிப்பவர் பெருகினர்

இவ்வளவு காலமும் யுன்னான் காப்பி பிறநாட்டாரின் கோப்பைக்காகவே விளைந்தது. சீனர் தேநீர் அருந்தினர். காப்பிக் கொட்டை கப்பலேறியது. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இந்நிலை தலைகீழாகிவிட்டது.

1999 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் பெய்ஜிங்கில் தன் முதல் கடையைத் திறந்தது. 2012-இல் பூஅர் நகரில் உழவர்களுக்கு ஆலோசனை கூறும் நிலையம் ஒன்றையும் நிறுவியது. 2017-இல் லக்கின் என்னும் சீன நிறுவனமே தோன்றியது. கைப்பேசியில் பணம் செலுத்திவிட்டுக் கடையில் கோப்பையைப் பெற்றுச் செல்லும் முறையால், குறைந்த விலையில் அது காப்பியை ஊரெங்கும் பரப்பியது. 2020-இல் பொய்க்கணக்குக் காட்டியமை வெளிப்பட்டுப் பெரும் தலைகுனிவுக்கு ஆளான அந்நிறுவனம், நிர்வாகத்தை மாற்றிக்கொண்டு மீண்டெழுந்தது. 2023-இல் அதன் கடைகள் பத்தாயிரத்தைத் தாண்டின.

இன்றும் ஒரு சீனர் ஆண்டு முழுவதும் அருந்துவது சராசரியாக இருபது கோப்பையை ஒட்டியே இருக்கும். நம் வீடுகளில் சிலர் பத்து நாளில் முடித்துவிடும் கணக்கு அது! ஆயினும் நூற்று நாற்பது கோடி மக்கள் ஆளுக்கு ஒரு கோப்பை கூட்டிக் குடித்தாலும் எவ்வளவு கொட்டை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். யுன்னானின் விளைச்சல் அதற்குப் போதவில்லை. சீனம் இன்று காப்பியைப் பெருமளவில் இறக்குமதி செய்யும் நாடு. 2024 நவம்பரில் லக்கின் நிறுவனம், 2025 முதல் 2029 வரை பிரேசிலிலிருந்து 2,40,000 டன் காப்பி வாங்க உடன்பாடு செய்துகொண்டது. எத்தியோப்பியா முதலான ஆப்பிரிக்க நாடுகளின் காப்பியும் சீனத்துக்கு வருகின்றது.

எனவே யுன்னான் உழவருக்கு இது வாய்ப்பாகவும் இருக்கின்றது, போட்டியாகவும் இருக்கின்றது. வாங்குவோர் வாசலுக்கே வந்துவிட்டனர் என்பது வாய்ப்பு. பிரேசிலில் இயந்திரத்தால் பறிக்கப்படும் காப்பியோடு, சரிவில் கையால் பறிக்கும் காப்பி விலையில் போட்டியிட இயலாது என்பது உண்மை. ஆகவே, அளவால் அன்றித் தரத்தால் வெல்வதே வழி என்று அங்குள்ளோர் உணர்ந்திருக்கின்றனர்.

தரத்தை நாடும் முயற்சிகள்

அதற்கான அடையாளங்கள் தெரிகின்றன. முழுதும் சிவந்த பழத்தை மட்டும் பறித்தல், கழுவாமல் பழத்தோடு உலர்த்தல், சதையின் ஒரு பகுதியை விட்டு உலர்த்தல் ஆகிய முறைகள் பரவி வருகின்றன. இவற்றால் கட்டிமோரிலும் நல்ல மணமும் இனிமையும் கிடைப்பதைச் சுவைஞர்கள் ஒப்புக்கொள்கின்றனர். கழுவுநீர் ஓடையில் கலந்து கெடுப்பதும் ஓரளவு குறைகின்றது. கட்டிமோருக்கு அப்பாற்பட்ட வகைகளையும் சிலர் நட்டு வருகின்றனர்.

பட்டணத்தில் படித்த இளைஞர் சிலர் ஊர் திரும்பி, தம் தந்தையரின் தோட்டத்துக் காப்பியைத் தாமே பதப்படுத்தி, தாமே வறுத்து, இணையத்தின் வழியாக நேரே விற்கின்றனர். பூஅர், பாவ்ஷான் வட்டாரங்களில் தோட்டங்களைக் காணவும், அங்கேயே அமர்ந்து அருந்தவும் வெளியூர்ப் பயணிகள் வருகின்றனர். முன்னர்க் கூறிய படிகளில் உழவன் ஒவ்வொன்றாக மேலேறுவதற்கு இவை துணை செய்கின்றன. கைப்பேசி வந்த பிறகு அன்றைய நியூயார்க் விலையை மலைச்சரிவில் நின்றபடியே அவன் அறிந்துகொள்கின்றான். வழியில் எதிர்கொள்வோரிடம் ஏமாறாமல் இருக்க அந்த அறிவே அவனுக்கு முதற்காவல்.

எதிர்நோக்கும் இடர்கள்

இடர்கள் இல்லாமல் இல்லை. காப்பிக்கு ஏற்ற வெப்பநிலை யுன்னானின் ஒரு பகுதியில் மட்டுமே உண்டு. கடக ரேகையின் இருபுறமும் அமைந்த நிலமாதலால், காப்பியின் உலகத்தில் அது வடக்கு எல்லை எனலாம். எதிர்பாராத ஓர் உறைபனி இரவு, பல ஆண்டு உழைப்பைக் கருக்கிவிடக்கூடும். மறுபுறம் வறட்சியும் அடிக்கடி வருகின்றது. 2009-2010-இல் யுன்னானை வாட்டிய கடும் வறட்சியில் குடிநீருக்கே மக்கள் தவித்தனர்.

தொடக்கத்தில் பெரும்பாலான தோட்டங்கள் நிழல் மரமின்றித் திறந்த வெயிலில் அமைக்கப்பட்டன. விளைச்சல் கூடியது, மண் களைத்தது. நம் ஏற்காட்டிலும் குடகிலும் ஓங்கிய மரங்களின் நிழலில், மிளகுக் கொடி படர, காப்பி வளரும் முறை பழமையானது. ஒரு பயிர் பொய்த்தால் மற்றொன்று தாங்கும். யுன்னானிலும் இப்போது நிழல் மரங்களையும் பழமரங்களையும் இடையே நடும் முயற்சி நடைபெறுகின்றது. தண்டைத் துளைக்கும் வண்டு இந்நாட்டுத் தோட்டக்காரரைப் போலவே அவர்களையும் வருத்துகின்றது. தோட்டம் முழுதும் ஒரே வகைச் செடியாக இருப்பதால், துருநோய் தன் இயல்பை மாற்றிக்கொண்டு தாக்கினால் எல்லாம் ஒருசேர விழும் அச்சமும் உண்டு.

இவற்றினும் பெரியது ஆள் பற்றாக்குறை. மலையூர் இளைஞர்கள் நகரத் தொழிற்சாலைகளுக்குச் சென்றுவிட்டனர். பறிக்கும் கைகளில் பல இன்று முதியோரின் கைகள். பழத்துக்கு நல்ல விலை நிலைத்தாலொழிய அடுத்த தலைமுறை அந்தக் கூடையைக் கட்டிக்கொள்ளாது.

நாம் கற்க வேண்டியது

ஆக, சீனத்தில் காப்பியின் வருங்காலம் எப்படி இருக்கும்? பரப்பளவில் அது பிரேசிலையோ வியட்நாமையோ எட்டப்போவதில்லை. நிலமும் வானமும் அதற்கு இடம் தரா. நம் இந்தியாவின் விளைச்சலே அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆனால், தன் வீட்டு வாசலிலேயே இவ்வளவு பெரிய சந்தை வளர்ந்துவரும் பேறு வேறெந்தச் சிறிய காப்பி வட்டாரத்துக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. சோவியத்து என்னும் ஒரே வாடிக்கையாளனையும், பின்னர் நியூயார்க் என்னும் ஒரே தராசையும் நம்பி இருமுறை இடருற்ற யுன்னான் உழவர், இம்முறை பலரிடம் விற்கவும், விலையறிந்து விற்கவும் கற்று வருகின்றனர். அந்தக் கல்வி நிலைத்தால் அவர்களின் தோட்டமும் நிலைக்கும்.

வாசகர்களே! நம் சமுதாயத்தில் வணிகர் பலர் உள்ளனர். மலைத்தோட்டங்களில் மிளகும் ஏலமும் காப்பியும் வாங்கி விற்போரும் உள்ளனர். அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைத் திருக்குர்ஆன் எவ்வளவு வன்மையாகக் கண்டிக்கின்றது என்பதை நாம் அறிவோம். எடைக்கல்லில் செய்யும் குறைவு மட்டுமே குறைவு என்று எண்ணிவிடலாகாது. சந்தை நிலவரத்தை அறியாத ஏழை உழவனிடம், அவனுக்குத் தெரியாது என்பதையே முதலாகக் கொண்டு வாங்குவதும் ஒரு குறைவே. கொள்முதல் செய்யச் செல்லும் அடுத்த முறை, அன்றைய சந்தை விலையை முதலில் அவனிடம் சொல்லிவிட்டுப் பிறகு பேரத்தைத் தொடங்குங்கள். இலாபம் சற்றுக் குறையலாம். பரக்கத் குறையாது, இன்ஷா அல்லாஹ்.